அந்த மனைக்கு நான் வரைபடம் போடவில்லை

"அப்போ எங்க வீட்டுத் தண்ணி மட்டும்தான் ஏரிக்குப் போகுமா தம்பி?"

அதுவரை என்னை சார் என்றே கூப்பிட்டவர், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தம்பி என்றார். நடந்தது 2012இல். பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஜவுளிக்கடைப் பையில் பத்திரம், பட்டா, பஞ்சாயத்து சீல் குத்திய ஒரு காகிதம். அப்புறம் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஒரு வீடு. அவர் மனைவி வரைந்தது. சமையலறை தென்கிழக்கில் இருந்தது. வாசலுக்கு நேரே வேப்பமரம் என்று எழுதி, ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். 1,200 சதுர அடி மனையில் 600 சதுர அடி வீடு.

சர்வே நம்பரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 2008இல் வந்த சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானில், ரெட்ஹில்ஸ், அதாவது புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று கட்டுப்பாடு போட்ட கிராமங்களில் ஒன்று. விற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப் போய், மதியச் சாப்பாடு போட்டு விற்றிருக்கிறார்கள். மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான்தான் முதலில் சொன்னேன்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். "இது தண்ணி பிடிக்கிற இடம், இங்க வீடே வரக்கூடாது, நான் பிளான் போட்டுத் தர மாட்டேன்" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. நான் உடனே, "ஊரே தப்பு பண்ணா நீங்களும் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார்.

நான் சொன்னது தவறு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. கீழ்ப்பாக்கத்துக்கும் புழல் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் போகிறது. சுற்றிலும் வீடு வந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலையில் இருக்கிறவனுக்குத் தெரியும். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், அதிலும் பாதி, அடியில் காங்கிரீட் போடாமல் உறை இறக்கி விட்டவை. மழைத் தண்ணீர் போகும் கால்வாயில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்குவார்கள். கொஞ்ச நாளில், ஏரிக்கு வரவேண்டிய நல்ல தண்ணீர் வராது, வரக்கூடாதது வரும். 2019 ஜூனில் ஏரி வறண்டு தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது கரையில் நின்று பார்த்தேன். அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தச் சமயத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், ஒரு வீட்டுக்குக்கூட விடக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் புழல் தன் நீர்ப்பிடிப்பை மட்டும் நம்பியிருக்கும் ஏரி இல்லை. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது, சோழவரத்திலிருந்து வருகிறது, கிருஷ்ணா தண்ணீரும் அப்படித்தான் வந்து சேர்கிறது. வறண்டதற்கு மழை பொய்த்ததுதான் முதல் காரணம். இதெல்லாம் தெரிந்துதான், ஏரி முழுவதையும் தூக்கி அந்த 600 சதுர அடி மேல் வைத்தேன். சரி, ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும், சட்டம் அப்படித்தான் நிற்க முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். கொஞ்ச நேரம் நிற்கும்.

நிற்காமல் போவதற்குக் காரணம் குடோன். அதே வருஷம், அதே ஊர்ப் பக்கம் ஒரு அரிசி குடோனுக்கு இடம் அளந்து கொடுத்தேன். அளப்பது வேறு, பிளான் போடுவது வேறு. கல் எங்கே இருக்கிறது என்று காட்டுவது மட்டும்தான் என் வேலை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். லாரி திரும்புவதற்காக முற்றம் முழுக்க காங்கிரீட் போட்டார்கள், ஒரு சொட்டு உள்ளே இறங்காது. குடோன்காரரிடம் போய் நீர்ப்பிடிப்பு பற்றி நான் பேசவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

டிரைவருக்கு அந்த குடோன் விஷயம் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் 'மட்டும்' என்று கேட்டாரா? தெரியாது என்றே பல வருஷம் நம்பினேன். அந்தத் தெருவுக்கு குடோனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

2016இல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உயர்நீதிமன்றம் தடை போட்டது. அப்போது விற்கக்கூட முடியாமல் நின்றிருப்பார். மறு வருஷம், அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தபோது, இப்படிப்பட்ட இடங்களுக்கு அது செல்லுமா செல்லாதா என்று படிப்பதற்கு முன்பே அவர் ஞாபகம்தான் வந்தது. போன் நம்பர் வாங்கி வைக்கவில்லை. பெயரையே நான் எழுதி வைக்கவில்லை.

போன கார்த்திகையில் அந்தத் தெருவுக்கு வேறொரு வேலையாகப் போனேன். இரண்டு பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. யாரோ ஒருவர் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார், அல்லது பிளானே இல்லாமல் எழுந்திருக்கின்றன. எல்லாம் இரண்டடி மண் கொட்டி உயர்த்திக் கட்டியவை. நடுவில் அவர் மனை மட்டும் அப்படியே பள்ளமாகக் கிடந்தது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, மூலைக்கல்லின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சமையலறைக் குழாயை அந்தப் பக்கமாகத் திருப்பி விட்டிருந்தார்கள். நான் நின்ற நேரத்தில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். சோப்பு நுரை குழாயிலிருந்து இறங்கி அவர் மனைக்குள் போய்க்கொண்டிருந்தது.