நாடா, ஊசி, இலக்கம் 34

2023 செப்டெம்பர் 9, சனி

இன்று மகளுக்கு முதல் பொயின்ட் சப்பாத்து, பாலே ஆட்டத்தில் விரல் நுனியில் நிற்கப் போடுவது, வாங்கினோம். 12 வயது முடிந்து இரண்டு மாதம். கூடப் படிக்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் போன வருடமே வாங்கிவிட்டார்கள். "இவளுக்குக் கணுக்கால் இன்னும் பலப்படட்டும்" என்று ரீச்சர் நிறுத்தி வைத்திருந்தார். அப்போது எனக்கு மனவருத்தம். இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன். கால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயது. உடம்பின் முழுப் பாரமும் விரல் நுனியில் ஏறப்போகிறது.

கடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பன்னிரண்டு சோடியாவது போட்டுப் பார்த்திருப்பாள். ஒவ்வொன்றிலும் பிளியே, அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து இறங்கும் அசைவு, செய்யச் சொன்னார் கடைக்காரப் பெண். பிறகு கம்பியைப் பிடித்து நுனிக்கு ஏறச் சொல்லி, குதியில் துணி எவ்வளவு மிஞ்சுகிறது என்று கிள்ளிப் பார்த்தார். கொஞ்சம் பெரிதாக வாங்கினால் வளர இடமிருக்குமே என்று கேட்டேன். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிய பழக்கம். கூடவே கூடாதாம். இடமிருந்தால் கால் உள்ளே சறுக்கிப் பாரம் முழுக்கப் பெருவிரலில் விழுந்துவிடுமாம்.

ஊரிலிருந்து அம்மா வட்ஸப்பில் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு மரக்கட்டையோ பிள்ளை?" என்று கேட்டார். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். மரமில்லை. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு அது. வியர்வையும் சூடும் பட்டுப் பட்டு இளகும். இளகினால் அந்தச் சோடி முடிந்தது. ஒரு சோடி ஐம்பது பவுணுக்கு மேல். நாடா தைத்துக் கொடுப்பதில்லை. அது வீட்டு வேலை.

2023 செப்டெம்பர் 11

இரவு பதினொரு மணி வரை தைத்தேன். குதித் துணியை முன்பக்கமாக உள்ளே மடித்தால் பக்கத்தில் ஒரு மூலை விழும். அந்த இடத்தில் நாடாவைச் சற்றுச் சாய்த்து வைக்கவேண்டும். விளிம்புக்குள் ஓடும் மெல்லிய கயிறு ஊசியில் அகப்படக்கூடாது. அகப்பட்டால் சப்பாத்தை இறுக்க முடியாது. சாதாரண நூல் அறுந்துவிடும் என்று வகுப்பில் ஒரு தாய் சொல்லியிருந்தார். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலால் தைத்தேன். நாடாவின் நுனி பிரியாமல் இருக்க மெழுகுதிரியில் காட்டிக் கருக்கினேன்.

என் பரத ஆட்டம் 12 வயதில்தான் நின்றது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணமே எழும்பி நடந்த அந்த இரவில் சலங்கையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தோம். ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்றார் அம்மா. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. இதை மகளிடம் சொன்னதில்லை. சொன்னால் தன் ஆட்டத்தோடு என்னுடையதையும் சேர்த்துச் சுமப்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை.

2023 நவம்பர் 4

"எல்லாருக்கும் காலும் சப்பாத்தும் ஒரே கோடாத் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் வெட்டினமாதிரி இருக்கு?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இடுப்பிலிருந்து விரல் நுனி வரை கால் ஒரே கோடாக நீளவேண்டும் என்பதுதான் சப்பாத்தின் ரோஸ் நிறத்துக்கு நோக்கம். அது வெள்ளைத் தோலுக்காக வந்த நிறம். 2001இல் லண்டனில் தொடங்கிய, கறுப்பின, ஆசிய ஆட்டக்காரர்களுக்கான பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் என்ற சப்பாத்து நிறுவனம் 2018இல்தான் மண்ணிறத் தோலுக்கேற்ற இரண்டு நிறங்களில் பொயின்ட் சப்பாத்து வெளியிட்டது. அதுவரை நம்மைப் போன்ற நிறமுள்ள ஆட்டக்காரர்கள் பலர் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனைப் பஞ்சில் தொட்டு, சோடி சோடியாகத் தாங்களே பூசிக்கொண்டார்கள். ஆடி முடித்த களைப்போடு அந்த வேலையும்.

மகளின் கால் அகலத்துக்கு அந்த நிறம் கடையில் இருக்கவில்லை. எனவே நாங்களும் குசினித் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். என்னுடைய ஃபவுண்டேஷன் சற்று மஞ்சளடித்தது. இன்னொன்றைக் கலந்தோம். அவள் காலைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். மூன்றாவது பூச்சில் சரியாக வந்தது. சோதனைக்கும் தோல் நிறத்திலேயே போடலாம் என்று ரீச்சர் சொல்லிவிட்டார்.

2024 பெப்ரவரி 20

கண்ணாடிக்கு முன்னால் பிளியே பழகிக்கொண்டிருந்தாள். முழங்கால் முன்னுக்கு விழுந்தது. "தொடையிலிருந்து திற" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். பரதத்தில் முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டிக்கு எனக்குச் சொல்லித் தந்த அதே வார்த்தை. திறந்தாள், சரியாக வந்தது. அத்தோடு நான் எழும்பி மேலே போய்விட்டேன். இன்னும் நின்றிருந்தால் இன்னும் சொல்லியிருப்பேன்.

2024 ஜூன் 15, சனி

ஒரு வருடத்தில் ஆறு சென்றிமீற்றர் வளர்ந்திருக்கிறாள். போன மாதம் நன்றாகச் சுற்றிய பிருவெட்டில், ஒற்றைக் காலில் சுழலும் ஆட்டத்தில், இப்போது தடுமாறுகிறாள். கால் நீண்டுவிட்டது, நடுப்புள்ளியைப் புதிதாகத் தேடவேண்டும், கொஞ்ச நாளில் திரும்ப வரும் என்கிறார் ரீச்சர்.

இன்று ஒரு பிறந்தநாள் வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், "ஆடுற பிள்ளை பாத்துச் சாப்பிடவேணும்" என்றார். மகளின் கை இடியப்பத் தட்டில் நின்றுவிட்டது. நான் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்துச் சொதியும் ஊற்றினேன். பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, என் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி இனி அவள் முன்னால் பேசவேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு முகம் கறுத்தது. பரவாயில்லை. வளரும் எலும்புக்கும் தசைக்கும் சாப்பாடுதான் வேண்டும். ஒரு சொல் ஒரு பிள்ளையின் மனதில் எத்தனை வருடம் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

ரோயல் அகடமி ஒஃப் டான்ஸின் இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன் என்ற நிலைக்கான பாலேச் சோதனை. பொயின்ட் வேலையும் இதில் உண்டு. மூன்று நாளாகத் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, வைத்தால் கொண்டை வழுக்கும். அவளுக்கு என் அம்மாவின் அடர்த்தியான தலைமயிர். இரண்டாகப் பிரித்துச் சுற்றித் தட்டையாக வைத்து, வலை போட்டு, இருபத்தெட்டு ஊசி குத்தினேன்.

அறைக்குள் சோதகரும் இசை போடுபவரும் மட்டும். ரீச்சருக்கும் உள்ளே இடமில்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கதவுக்கு வெளியே கேட்ட இசையை வைத்து, "இப்ப அடாஜ், மெதுவான ஆட்டம்... இப்ப பாய்ச்சல்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். பொயின்ட் இசை தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கும் உள்ளங்கை வியர்த்திருந்தது.

2025 ஜனவரி 10

சோதனை முடிவு வந்தது. 73. மெரிட். 75 இருந்தால் டிஸ்டிங்ஷன். "ரெண்டு" என்று ஒரு தரம் மட்டும் சொன்னாள். எங்கே புள்ளி குறைந்தது என்று சோதகரின் தாளைத் தானே வாசித்துக் கொப்பியில் எழுதினாள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

ஒரு பெரிய பாலேப் பள்ளியின் வார இறுதி வகுப்புக்கு ஒடிஷன். இவர் இரவு வேலை முடித்து வந்து, தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுக் கார் ஓட்டினார்.

கோல்டர்ஸ் கிரீன் வழியாகப் போனபோது ஐவி ஹவுஸைக் காட்டினேன். ரஷ்யப் பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவா 1912இலிருந்து வாழ்ந்த வீடு. ருக்மிணி தேவி 1928இல் பம்பாயில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே பழகினார். உங்கள் நாட்டு ஆட்டத்தைப் பாருங்கள் என்று அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். 1936இல் ருக்மிணி சென்னையில் தொடங்கிய பரதப் பள்ளியான கலாக்ஷேத்திரா பிறந்தது. எனக்குப் பரதம் படிப்பித்த ரீச்சர் அங்கே படித்தவர். "வெள்ளைக்காரற்ர ஆட்டம் எங்களுக்கு எதுக்கு" என்று கேட்கும் அம்மாவுக்கும் இதைத்தான் சொல்வேன்.

மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். "அப்ப நீங்க ஏன் விட்டீங்கள்?" என்றாள். இடம் வந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நெஞ்சில் இலக்கம் 34. பெற்றோர் கீழே. இரண்டு மணித்தியாலம். இடுப்பு எவ்வளவு திறக்கிறது, பாதம் எப்படி வளைகிறது என்று முதலில் பார்த்தார்களாம். பிறகு வகுப்பு. வெளியே வந்ததும் எப்படிச் செய்தாய் என்று நான் கேட்பதில்லை. பசிக்குதா என்று கேட்டேன். வாழைப்பழம் பாதி முடிந்த பிறகு தானாகவே சொன்னாள், ஒரு தரம் வலப்பக்கம் போகவேண்டிய இடத்தில் இடப்பக்கம் போனதை.

2025 மார்ச் 5, புதன்

இடம் கிடைக்கவில்லை. நான்கு வரி மின்னஞ்சல்.

குளியலறையில் நெடுநேரம் இருந்தாள். கதவுக்கு வெளியே நின்று நான் சொன்னதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். "இதுக்கே அழுகிறியா? உனக்குக் கிடைச்சதில பாதி எனக்குக் கிடைச்சிருந்தா..."

கதவு திறந்தது. "அம்மா, இது என்ர. உங்கட இல்லை." கோபம் வந்தால் அவள் இங்கிலிஷுக்குப் போய்விடுவாள். இன்று தமிழிலேயே சொன்னாள்.

இரவு அவள் கட்டிலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒக்டோபர் இரவையும் அலுமாரியையும் சொன்னேன். இது நீ சுமக்கவேண்டிய விஷயமில்லை, கேட்டாய் என்பதால் சொல்கிறேன் என்றேன். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

2025 மார்ச் 8, சனி

காலை எட்டரைக்குப் பையோடு வாசலில் நின்றாள். வகுப்புக்குப் போனோம்.

2025 ஏப்ரல் 12

புதிய சோடி. இந்தத் தடவை எங்கள் நிறம் அவள் கால் அகலத்துக்கே கிடைத்தது. ஊசியை எடுத்தேன். "நான் தைக்கிறன்" என்று வாங்கிக்கொண்டாள். குதித் துணியை எப்படி மடிப்பதென்று மட்டும் கேட்டாள், காட்டினேன். முதல் நாடாவில் கயிறு அகப்பட்டது. பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தாள். நான் வெங்காயம் வெட்டப் போனேன்.

சற்று நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், "உங்கட சலங்கைக்கு நாடாவா, வாரா?"

வார் என்றேன். சிவப்புத் தோல், மூன்று வரி மணி. இடக்கால் வார் எப்போதும் ஒரு துளை இறுக்கிப் போடவேண்டும்.