பின் கேரியர் வாங்கும் முன் குதிகாலைப் பாருங்கள்

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்காகப் பின் கேரியர் தேடுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எத்தனை கிலோ தாங்கும் என்றுதான். அதைவிட, அதை உங்கள் சைக்கிளில் எங்கே முடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். பின் அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் ஃபிரேமில் மரை போட்ட துளைகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கிளாம்ப் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் கூடாரம், அடுப்பு என்று ஏற்றப்போகிறீர்கள் என்றால் நான் அதை நம்ப மாட்டேன். சீட் போஸ்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் கேரியர் சின்னப் பைக்குச் சரி, அவ்வளவுதான்.

டிஸ்க் பிரேக் வண்டியா? டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் காலிபர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சாதாரண கேரியரின் கால் அதில் முட்டும். டிஸ்க்குக்கென்றே காலை விலக்கிச் செய்த மாடல்கள் உண்டு.

அடுத்து குதிகால். இதை யாரும் கடையில் பார்ப்பதே இல்லை. கேரியரின் பக்கவாட்டில் பையை மாட்டி, ஓட்டும்போது போடுகிற அதே ஷூவோடு உட்கார்ந்து, பெடலை மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். குதிகால் பையை உரசினால் நாள் முழுக்க உரசும். பையைப் பின்னால் தள்ளி மாட்டலாம்தான், ஆனால் எடை அச்சைத் தாண்டிப் பின்னால் போகப்போக ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் அலையும். அதனால் பை மாட்டும் கம்பி தாழ்வாக, சற்றுப் பின்தள்ளி இருக்கிற கேரியர்தான் என் தேர்வு. டியூபஸ் நிறுவனத்தின் லோகோ மாடல் அப்படிப்பட்டது.

ஸ்டீலா அலுமினியமா என்ற சண்டையும் ஓயாது. அலுமினியத்தில் 25 கிலோ என்று போட்டவை நிறையக் கிடைக்கும், அளவான சுமைக்கு அது தாராளம். டியூபஸ் மாதிரியான ஸ்டீல் கேரியர்களில் 40 கிலோ வரை போகிறது. முறிந்தாலும் சாதாரண வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடலாம். அலுமினியத்தை ஒட்ட அதற்கென்று ஆள் தேட வேண்டும். அப்புறம் கம்பியின் தடிமனையும் பார்த்துக்கொள்ளுங்கள், மெல்லிய கம்பியில் பையின் கொக்கி தளர்வாக உட்கார்ந்தால் குண்டு குழியில் எல்லாம் கடகடக்கும்.

உண்மையில் வழியில் கைவிடுவது பெரும்பாலும் கம்பி இல்லை, போல்ட்தான். அதிர்வில் தளரும், தளர்ந்தது முறியும். தளராமல் பிடிக்கும் மரைப் பசை போட்டு முடுக்குங்கள். செயின் பக்கத்துப் போல்ட் நீளமாக இருந்தால் அதன் நுனி உள்ளே நீட்டி, மிகச் சின்ன பல்சக்கரத்தில் ஓடும் செயினை உரசும், அதையும் குனிந்து பாருங்கள். அதே அளவு போல்ட் இரண்டை, பெரும்பாலும் எம்5 (5 மி.மீ. தடிமன்) தான், டேப் சுற்றிக் கேரியரிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.