நான்கு டேட்டாபேஸ், இரண்டு தேதி: புராஜெக்ட் சர்வர் 2010-ஐ மீட்ட அனுபவம்

எங்கள் நிறுவனத்தில் திட்டங்களின் பிளான்களை எல்லாரும் பகிர்ந்து நிர்வகிக்க உதவும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் சர்வர் 2010 ஓடிக்கொண்டிருந்தபோது டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் பழுதாகிவிட்டது. பேக்கப்பிலிருந்து மீட்டோம். தளம் திறந்தது, பிளான்களும் திறந்தன, எல்லாரும் வேலையைத் தொடர்ந்தார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பிளானில் முடிவுத் தேதியை மாற்றி பப்ளிஷ் செய்கிறார்கள், அதாவது மற்றவர்கள் பார்க்க வெளியிடுகிறார்கள். மேலாளர் பார்க்கும் எக்செல் ரிப்போர்ட்டில் பழைய தேதியே நிற்கிறது. அதுவும் எல்லாப் பிளான்களிலும் இல்லை, சிலவற்றில் மட்டும்.

இது ஏன் நடக்கும் என்று புரிய, 2010-இல் தரவு எப்படி நகர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிப்பில் நான்கு டேட்டாபேஸ்கள்: டிராஃப்ட், பப்ளிஷ்டு, ஆர்க்கைவ், ரிப்போர்ட்டிங். சேவ் செய்தால் பிளான் டிராஃப்ட்டில் உட்காரும். பப்ளிஷ் செய்தால் பப்ளிஷ்டுக்குப் போகும். அதன் பிறகு தனியாக ஒரு ஜாப் (சர்வர் பின்னணியில் செய்யும் வேலை) கிளம்பி, அதே விவரத்தை ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும். எக்செல் ரிப்போர்ட் படிப்பது இதிலிருந்துதான். இவை எல்லாம் கியூ, அதாவது ஜாப்கள் காத்திருக்கும் வரிசை வழியாகவே நடக்கின்றன. கடைசி ஜாப் தோற்றாலும் பப்ளிஷ் வெற்றி என்றுதான் பயனருக்குத் தெரியும்.

அதனால் முதலில் போய்ப் பார்த்தது கியூ நிர்வாகப் பக்கத்தை. அந்தப் பக்கம் வழக்கமாக அண்மை ஜாப்களை மட்டும் காட்டும். தேதி வரம்பை டேட்டாபேஸ்களை மீட்ட நாள்வரை பின்னால் தள்ளிய பிறகுதான் முழுப் படம் கிடைத்தது. பப்ளிஷ் ஜாப்கள் எல்லாம் சரி. அவற்றைத் தொடர்ந்து வந்த ரிப்போர்ட்டிங் ஜாப்கள் வரிசையாகத் தோற்றிருந்தன. இந்தத் தோல்வி தன் பின்னால் நிற்கும் ஜாப்களைத் தடுக்காத வகை. சேவ் செய்யும் ஜாப் தோற்று அடுத்தவற்றைத் தடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் யாராவது போன் செய்திருப்பார்கள். இது யாரையும் தடுக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் பலரும் தோற்ற ஜாப்களைத் தேர்ந்தெடுத்து கேன்சல் செய்துவிடுவார்கள், பக்கம் சுத்தமாகிவிடும் என்று. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எரர் இணைப்பைத் திறந்து முழுதாகப் படியுங்கள். மேலே நிற்கும் 26000 என்ற எண் 'கியூ ஜாப் தோற்றது' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. அதைத் தேடிப்போனால் நூறு விதமான காரணங்களில் சிக்கிக்கொள்வீர்கள். சரக்கு உள்ளே இருக்கிறது. எங்களுக்கு 24006 என்ற எண் திரும்பத் திரும்ப வந்திருந்தது, ரிப்போர்ட்டிங் பக்கம் மாற்றத்தை எழுத முடியவில்லை என்பதற்கான எண் அது. அதோடு எஸ்.க்யூ.எல். சர்வர் சொன்ன செய்தி: இன்சர்ட் (புது வரி சேர்ப்பது), ஃபாரின் கீ கட்டுப்பாட்டோடு மோதியது. ஒரு டேபிளில் குறிப்பிடும் ஆள் இன்னொரு டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி அது. மோதிய இடம், அசைன்மென்ட் (யாருக்கு எந்த டாஸ்க்) டேபிளிலிருந்து ரிசோர்ஸ் (ஆட்கள்) டேபிளுக்குப் போகும் இணைப்பு.

அதே எரரில் ஜாப்பின் அடையாள எண்ணும், அதை எடுத்து ஓடிய கம்ப்யூட்டரின் பெயரும் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட அப்ளிகேஷன் சர்வர் இருந்தால் இது பெரிய உதவி, ஏனென்றால் எந்த சர்வரும் ஜாப்பை எடுத்துக்கொள்ளலாம். பெயர் தெரிந்ததும் அந்த சர்வரில் '14' ஃபோல்டருக்குள் இருக்கும் லாக்ஸுக்குப் போய், அடையாள எண்ணை வைத்துத் தேடினோம். லாகிலும் அதே கதைதான்.

தோற்ற பிளான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. எல்லாவற்றிலும் அண்மையில் சேர்ந்த ஊழியர் யாராவது ஒருவருக்கு டாஸ்க் ஒதுக்கப்பட்டிருந்தது. டெஸ்ட் சர்வரில் இருந்த நகலில் ரிசோர்ஸ் பட்டியல்களை ஒப்பிட்டோம். பப்ளிஷ்டில் இருந்த அந்த ஊழியர்கள் ரிப்போர்ட்டிங்கில் இல்லவே இல்லை. அப்புறம் பேக்கப் அட்டவணையைத் திறந்தோம். டிராஃப்ட், பப்ளிஷ்டு, ஆர்க்கைவ் மூன்றுக்கும் தினமும் இரவில் பேக்கப். ரிப்போர்ட்டிங் மட்டும் அளவில் பெரியது, 'வெறும் ரிப்போர்ட்தானே' என்று வாரம் ஒருமுறை. மீட்டபோது மூன்று ஒரு தேதியிலும் நான்காவது வேறொரு தேதியிலும் வந்து நின்றன. இடைப்பட்ட நாட்களில் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள், மறு பக்கம் இல்லை.

விடுபட்ட ஆட்களை நேரடியாக எஸ்.க்யூ.எல். எழுதிச் சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் கடுமையாக மறுத்தேன். ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸ் நாம் படிப்பதற்குத் திறந்திருப்பது. அதன் டேபிள்களில் வரியை எழுத வேண்டியது சர்வர். ஒரு ஆளைச் சேர்த்தால் அவருடைய கஸ்டம் ஃபீல்டு (நிறுவனம் தானே சேர்த்த விவரக் கட்டம்) மதிப்புகள், நாள்வாரியான கெப்பாசிட்டி எல்லாம் கூடவே வர வேண்டும். பாதி எழுதிவிட்டால் எரர் போய்விடும், தப்பான எண் தங்கிவிடும். எரரைவிட அது மோசம்.

சரியான வழி, ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸை சர்வரையே திரும்பக் கட்ட வைப்பது. அதற்கென்று தனி பட்டன் இல்லை. சர்வர் அமைப்புகளில் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டிவ் பேக்கப் பக்கத்தில் என்டர்பிரைஸ் கஸ்டம் ஃபீல்டுகளை பேக்கப் எடுத்து, உடனே அதையே ரீஸ்டோர் செய்தால், ரிப்போர்ட்டிங் ரிஃப்ரெஷ் ஜாப் தானாகக் கியூவில் ஏறும். அது ரிசோர்ஸ்கள், லுக்அப் டேபிள்கள் (தேர்வுப் பட்டியல்கள்), பப்ளிஷ் ஆன பிளான்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுதிவைக்கும். இரண்டு எச்சரிக்கைகள். பேக்கப்புக்கும் ரீஸ்டோருக்கும் நடுவில் யாரும் கஸ்டம் ஃபீல்டைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த மாற்றம் போய்விடும். ரிஃப்ரெஷ் முடியும்வரை ரிப்போர்ட்டுகள் அரைகுறையாகத்தான் தெரியும். அதனால் வார இறுதியில் வைத்துக்கொண்டோம். மேலாளர்களுக்கு முன்கூட்டியே மெயில் போட்டோம். ரிஃப்ரெஷ் முடிந்ததும், முன்பு தோற்ற பிளான்களில் ஒன்றை எடுத்து பப்ளிஷ் செய்தோம். ரிப்போர்ட்டிங் ஜாப் சிக்கலில்லாமல் முடிந்தது. ஓலாப் கியூபும் (அலசிப் பார்ப்பதற்காக முன்கூட்டியே தொகுத்துவைக்கும் தரவு) ரிப்போர்ட்டிங்கிலிருந்தே கட்டப்படுவதால் அதையும் மறுபடி பில்டு செய்தோம்.

பேக்கப் முறையையும் மாற்றினோம். நான்கையும் ஒரே இரவில் எடுப்பது மட்டும் போதாது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் யாராவது பப்ளிஷ் செய்துவிடலாம். நான்கையும் ஃபுல் ரிக்கவரி மாடலுக்கு (எல்லா மாற்றங்களையும் லாகில் வைத்திருக்கும் முறை) மாற்றி, குறியிட்ட டிரான்சாக்‌ஷன் ஒன்றை நான்கிலும் போட்டு, டிரான்சாக்‌ஷன் லாக் பேக்கப்பும் எடுக்கத் தொடங்கினோம். ரீஸ்டோர் செய்யும்போது நான்கையும் அதே குறியில் நிறுத்தலாம். எஸ்.க்யூ.எல். சர்வரில் ரொம்ப நாளாக இருக்கும் வசதி இது, பலர் பயன்படுத்துவதில்லை. திட்டத் தளங்கள் இருக்கும் ஷேர்பாயிண்ட் கன்டென்ட் டேட்டாபேஸையும் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னர் 2013-க்கு மாறியபோது இந்தத் தலைவலியின் வேரே போய்விட்டது. அதில் நான்கும் ஒரே டேட்டாபேஸாகி, பழைய பிரிவுகள் உள்ளே தனித்தனி ஸ்கீமாக்களாக (டேபிள் தொகுப்புகளாக) நிற்கின்றன. மைக்ரோசாஃப்டின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரு கட்டளை பழைய நான்கையும் இணைத்துத் தருகிறது. 2016-இல் இன்னும் ஒரு படி போய், அந்தத் தரவு ஷேர்பாயிண்ட் கன்டென்ட் டேட்டாபேஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் 2010-இலிருந்து மாறுகிறவர்கள் இணைக்கும் கட்டளையை ஓட்டும் முன், செக்-அவுட்டில் கிடக்கும் (யாரோ திருத்த எடுத்து விடுவிக்காத) பிளான்களை செக்-இன் செய்து, 2007 பதிப்பு பிளான்களுக்கான பின்னோக்கு இணக்க முறையை அணைத்து, கியூவில் தோற்ற ரிப்போர்ட்டிங் ஜாப் ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிடுங்கள். தேதி வரம்பை அகலமாக வைத்துப் பாருங்கள்.