18 மர்ம ஸ்தானங்களில் பிரத்தியாகாரம்: படிப்பவர்களுக்கும் பழகுபவர்களுக்கும்

யோகா பட்டயப் படிப்பிலும் வருகிறது, பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேதம்), பி.எஸ்.எம்.எஸ். (சித்தம்) பாடத்திலும் வருகிறது மர்மம், அதாவது உடம்பின் முக்கியப் புள்ளி. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் கலந்து எழுதிவைத்துவிட்டு, தேர்வில் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை எழுதிவிட்டு வருகிறார்கள். பயிற்சிக்கு உட்கார்ந்தாலும் அதே குழப்பம்தான். எந்தப் புள்ளி, எதற்காக என்று தெரியாமல் கண்ணை மூடினால் மனம் உடம்பெங்கும் சுற்றிவிட்டுத் திரும்பும்.

எனவே முதல் வேலை எண்ணிக்கைகளைப் பிரித்துவைப்பது. யோக யாக்ஞவல்கியம் என்ற யோக நூலின் 7ஆம் அத்தியாயம் பிரத்தியாகாரத்துக்கு, அதாவது புலன்களையும் மனதையும் வெளியிலிருந்து உள்ளே இழுப்பதற்கு, சொல்லும் இடங்கள் 18. ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் சாரீர ஸ்தானம் (உடலமைப்புப் பகுதி) 6ஆம் அத்தியாயம் சொல்லும் மர்மங்கள் 107. சித்த மருத்துவத்தில் வர்மம் 108. அதில் படுவர்மம் (அடிபட்டால் உயிருக்கே ஆபத்தானவை) 12, தொடுவர்மம் (அதைவிடக் கடுமை குறைந்தவை) 96. சக்கரங்கள் இந்த மூன்று கணக்கிலும் சேராத தனிக் கணக்கு. மருத்துவ நூலுக்கு மர்மம் என்றால் அடிபட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ என்ன ஆகும் என்ற கேள்வி. யோக நூலுக்கோ அது மனதையும் பிராணனையும் கொண்டுபோய் நிறுத்தும் இடம். சில இடங்கள் இரண்டிலும் ஒன்றாக வரும், ஆனால் வேலை வேறு.

18 இடங்கள் கீழிருந்து மேலாக: கால் பெருவிரல், கணுக்கால், கணைக்கால் நடு, சிதிமூலம், முழங்கால், தொடை நடு, பாயுமூலம் (ஆசனவாயின் அடி), தேகமத்தியம், குறியின் அடி, தொப்புள், இருதயம், தொண்டைக்குழி, அண்ணத்தின் அடி, மூக்கின் அடி, கண்கள், புருவமத்தி, நெற்றி, உச்சி. பட்டியலில் முதல் ஆறும் கண்களும் மட்டும் இருபக்கமும் சேர்த்து ஓர் எண். பெருவிரல் என்றால் இரண்டு காலையும் ஒரே சமயத்தில் நினைக்க வேண்டும். வலது, இடது என்று தனித்தனியாகப் போனால் கணக்கு 18இல் நிற்காது.

இடத்தை அளக்க நூல் எடுத்துக்கொள்வது அவரவர் அங்குலம், அதாவது அவரவர் விரலின் அகலம். உடம்பு 96 அங்குலம், பிராணன் அதற்கு வெளியே இன்னும் 12 அங்குலம் பரவி நிற்கும் என்கிறது யோக யாக்ஞவல்கியம். 12 விரற்கடை ஒரு சாண் என்றால் 96 என்பது எட்டு சாண். "எறும்பும் தன் கையால் எண்சாண்" என்று நம் ஊரில் சொல்வதும் இதே கணக்குதான். ஆகவே தையல் டேப்பை எடுத்துச் சென்டிமீட்டரில் அளந்து படத்தில் குறிப்பது வீண் வேலை. உயரமானவரின் இரண்டு விரலும் குள்ளமானவரின் இரண்டு விரலும் ஒன்றல்ல, ஆனால் அவரவர் உடம்பில் அது சரியான இடத்தில்தான் விழும். வாய்மொழித் தேர்வில் இங்கே ஒரு கொக்கி உண்டு: இன்னோர் ஆயுர்வேத ஆசிரியரான சரகர் கணக்கில் உடம்பு 84 அங்குலம், சுஸ்ருதரில் 120. எந்த நூலின் அளவு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி உங்களை மடக்கத்தான் வரும்.

பயிற்சிக்கு முன் ஒரு நாள் முழுக்க இடம் கண்டுபிடிப்பதற்கென்றே ஒதுக்குங்கள். பெரும்பாலான இடங்கள் எளிதாகவே பிடிபடும். தகராறு செய்பவை ஐந்தாறுதான்.

சிதிமூலத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். உட்கார்ந்து காலை நீட்டி, முழங்கால் மூட்டிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, பின்பக்கம் கெண்டைச்சதை தொடங்கும் இடத்தைத் தொடுங்கள். முன்பாதத்தை உங்களை நோக்கி இழுத்துவிட்டால் சதை அசைவது விரலுக்குத் தெரியும். தேகமத்தியம் பாயுமூலத்துக்கு இரண்டு விரல் மேலே, குறிக்கு இரண்டு விரல் கீழே. திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தின் பிரத்தியாகாரப் பகுதியிலும் இதே அளவு வருகிறது. தமிழில் விடை எழுதுபவர்கள் இந்த ஒப்புமையை எழுதினால் விடை கனம் பெறும். பாயுமூலத்தை அறிய ஆசனவாயை ஒரே ஒருமுறை லேசாகச் சுருக்கி விடுங்கள். விட்ட பிறகு எங்கே தளர்வு தெரிகிறதோ அதுதான் இடம். சுருக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது மூலபந்தம் ஆகிவிடும், இந்தப் பயிற்சி அல்ல.

தொண்டைக்குழி மார்பெலும்பின் மேல்விளிம்பில் விரல் நுனி பதியும் பள்ளம். அண்ணத்தின் அடிக்கு நாக்கு நுனியைப் பல்லின் பின்னிருந்து பின்னோக்கி நகர்த்துங்கள். கெட்டியான அண்ணம் முடிந்து மெத்தென்று ஆகும் எல்லை வரும். இடம் தெரிந்ததும் நாக்கைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பயிற்சி முழுக்கத் தாடை இறுகிக்கொண்டே இருக்கும். உச்சிக்கு இரண்டு காதின் மேல்நுனிகளைத் தலைக்கு மேலாக இணைக்கும் கோடும், மூக்கிலிருந்து நேராகப் பின்னே போகும் கோடும் வெட்டும் இடம்.

இப்போது பயிற்சி. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் 3 மணி நேரம் கழித்துத்தான். மல்லாந்து படுக்கலாம், தூக்கம் வருபவர்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காரட்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருப்பவர்கள் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முதல் 3 நிமிடம் மூச்சு தானாகச் சீராகட்டும். பிறகு பெருவிரலில் தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் மூன்று மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். சூடு, குளிர்ச்சி, துணி படுவது, துடிப்பு, எதுவானாலும் சரி. வெளியே விடும்போது அந்த இடத்தைத் தளர விடுங்கள். மூன்றாவது மூச்சு முடிந்ததும் அங்கிருந்து கவனத்தை எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். அந்த எடுத்து வைப்பதுதான் பிரத்தியாகாரம். ஒரு மூச்சு 10 விநாடி என்றால் ஓர் இடத்துக்கு அரை நிமிடம், 18 இடத்துக்கு 9 நிமிடம். கடைசியில் 3 நிமிடம் உடம்பு முழுவதையும் சேர்த்து உணர்ந்துவிட்டு, ஒருக்களித்து மெதுவாக எழுந்தால் மொத்தம் கால் மணி நேரம். இரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்கள் எழுந்ததும் நிற்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே 18க்கும் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பெருவிரல், முழங்கால், தொப்புள், இருதயம், தொண்டைக்குழி, புருவமத்தி என்று ஆறு போதும். அவை மனதில் பதிந்ததும் இடையில் உள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வரிசையை நினைவுபடுத்துவதிலேயே மனம் ஓடினால் உணர்வதற்கு இடம் எங்கே?

தவறுகளில் அதிகம் வருவது மூச்சை அடக்குவது. நூல் பிராணனை அங்கங்கே நிறுத்தச் சொல்வதைக் கும்பகம் (மூச்சை நிறுத்திவைக்கும் பயிற்சி) என்று எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடத்திலும் மூச்சைப் பிடிக்கிறார்கள். ஏழெட்டு இடத்துக்குள் நெஞ்சு படபடக்கும், அடுத்த மூச்சு பெருமூச்சாக வரும். பெருமூச்சு வந்தாலே அடக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கும்பகம் தெரிந்த ஆசிரியர் அருகில் இல்லாமல் இதில் மூச்சை நிறுத்தவே வேண்டாம்.

அடுத்தது தலைவலி. மூடிய இமைக்குள் விழியை மேலே உருட்டிப் புருவமத்தியைப் 'பார்க்க' முயல்வதால் வருவது அது. கண்ணசைக்கும் தசைகள் இழுத்துக்கொண்டிருந்தால் நெற்றி வலிக்காமல் என்ன செய்யும்? விழி கீழ்நோக்கித் தளர்ந்திருக்க, கவனம் மட்டும் மேலே இருக்க வேண்டும். வராவிட்டால் புருவமத்தியில் விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு அந்தத் தொட்ட உணர்வையே பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கின் அடி, கண், புருவமத்தி, நெற்றி நான்கும் நெருக்கமாக இருப்பதால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அங்கே மட்டும் வேகத்தைக் குறைக்கலாம்.

தொடை நடுவுக்கு வரும்போதே தூங்கிப்போகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் தூக்கக் கடன், தியானத்தின் ஆழம் அல்ல. நேரத்தை அதிகாலைக்கு மாற்றிப் பாருங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு வேறு சிக்கல்: வலிக்கும் முழங்காலில் மனம் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். அவர்கள் அந்த இடத்தில் மூன்றுக்குப் பதில் ஒரே மூச்சு வைத்துவிட்டுக் கடந்துவிடட்டும். ஒளி, நிறம், தாமரை என்று கற்பனை செய்து கொள்வது இந்தப் பயிற்சிக்குத் தேவையில்லை. அதில் இறங்கினால் உடம்பை உணர்வது நின்றுபோகும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும், உடம்பைக் கூர்ந்து கவனிப்பதே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும்.

இடம் கண்டுபிடிக்கத் தொடும்போது அழுத்தம் கூடாது, தோல் அசையும் அளவு போதும். கழுத்தின் இருபக்கமும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கவே கூடாது. அங்குள்ள பெரிய தமனியின் உணர்பகுதி தூண்டப்பட்டால் நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். சுஸ்ருதர் கழுத்துச் சிரைகளில் 8 மாத்ருகா மர்மங்களை வைத்து, அடிபட்டால் உடனே உயிர்போகும் வகையில் சேர்த்திருக்கிறார். வர்மத்தைப் புத்தகம் பார்த்துத் தட்டிப் பார்ப்பதும் கூடாது. குமரி மாவட்டத்து ஆசான்கள் வர்மத்தோடு அடங்கலையும் (வர்மம் பட்டவரை மீட்கத் தொடும் இடங்கள்) இளக்குமுறையையும் (மீட்கும் முறை) சேர்த்தே சொல்லிக்கொடுப்பது சும்மா இல்லை.

எழுத்துத் தேர்வுக்கு 107ஐ மூன்று விதமாகப் பிரித்துக் கூட்டத் தெரிந்தால் போதும். இடவாரியாகக் கை கால்களில் 44 (ஒன்றுக்கு 11), வயிறு மார்பில் 12, முதுகில் 14, கழுத்துக்கு மேல் 37. அமைப்பால் மாம்சம் (தசை) 11, சிரை (இரத்தக்குழாய்) 41, ஸ்நாயு (தசைநார்) 27, அஸ்தி (எலும்பு) 8, சந்தி (மூட்டு) 20. விளைவால் சத்யப்பிராணஹரம் (உடனே உயிர்போவது) 19, காலாந்தரப் பிராணஹரம் (நாள் கழித்து உயிர்போவது) 33, விசல்யக்னம் (தைத்ததைப் பிடுங்கினால் உயிர்போவது) 3, வைகல்யகரம் (ஊனம் தருவது) 44, ருஜாகரம் (வலி தருவது) 8. மூன்றையும் தேர்வறையிலேயே கூட்டிப் பாருங்கள். 107 வரவில்லை என்றால் எங்கோ வாக்படர் என்ற இன்னோர் ஆயுர்வேத ஆசிரியரின் எண் புகுந்திருக்கலாம். அவர் தமனியைத் தனி வகையாக்கி அமைப்பை ஆறாகப் பிரிக்கிறார்: மாம்சம் 10, அஸ்தி 8, ஸ்நாயு 23, தமனி 9, சிரை 37, சந்தி 20. மொத்தம் அதே 107 என்பதால் சுஸ்ருதரின் பட்டியலுக்குப் பதில் இதை முழுதாக எழுதிவிட்டால் கூட்டிப் பார்த்தாலும் உங்களுக்கே தெரியாது. சரகரின் திரிமர்மம் (மூன்று முக்கிய மர்மங்கள்) சிரசு, இருதயம், வஸ்தி (சிறுநீர்ப்பை).

ஒப்பிடச் சொன்னால் இரண்டு உதாரணம் எடுத்து ஆழமாக எழுதுவது நல்லது. புருவமத்தி சுஸ்ருதரில் ஸ்தபனி. அம்பு தைத்தால் அது உள்ளே இருக்கும்வரை உயிர் இருக்கும், பிடுங்கினால் போய்விடும் என்பதால் விசல்யக்னம். கணுக்கால் குல்பம், அளவு இரண்டு அங்குலம், அடிபட்டால் வலி தரும் ருஜாகரம். யோகத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு, இரண்டும் மூன்று மூச்சு நிற்கும் இடம். பெருவிரலைச் சுஸ்ருதரின் க்ஷிப்ரம் என்று எழுதிவிடாதீர்கள். க்ஷிப்ரம் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருப்பது.

செய்முறைத் தேர்வில் வழிநடத்தச் சொன்னால் பலர் வலது கைக் கட்டைவிரலில் தொடங்கிவிடுகிறார்கள். அது பீகார் யோகப் பள்ளி வழி வந்த யோக நித்திரை என்ற தளர்வுப் பயிற்சியின் வரிசை. "இது தாரணைதானே?" என்று தேர்வாளர் கேட்டால், தாரணை என்று பதஞ்சலி யோக சூத்திரம் 3.1இல் சொல்வது மனதை ஓரிடத்தில் கட்டுவது, இங்கே மனம் ஓரிடத்திலிருந்து எடுத்து அடுத்த இடத்தில் வைக்கப்படுகிறது என்று பதில் சொல்லுங்கள். குரலை ஏற்றி இறக்காமல், இடத்தின் பெயரை ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டு மூன்று மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள். எண்ணிக்கை தப்பாமல் இருக்க உங்கள் மூச்சையே அளவாக வைத்து, ஓர் இடம் முடிந்ததும் விரல் கணு ஒன்றைத் தொட்டு நகர்த்தினால் போதும்.