ரெப்போ பெயரை மாற்றப் போகிறீர்களா? பழைய பெயரை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஒரு பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் கோ மொழியில் எழுதிய ஒரு ப்ளகினைப் பராமரிக்கிறேன். கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் அந்தத் திட்டத்துக்கு ஏகப்பட்ட ரெப்போக்கள் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்குகள்). 'டூல்ஸ்', 'காமன்', 'டூல்ஸ்-நியூ' என்றெல்லாம் பெயர்கள். எதில் என்ன இருக்கிறதென்று உள்ளே போனால்தான் தெரியும். அதனால் குழுவின் பெயர் முதலில், செய்யும் வேலை அடுத்து என்று ஒரு விதி வந்தது. நல்ல விதிதான், இன்றும் ஆதரிக்கிறேன். அதைச் செயல்படுத்திய விதம்தான் எங்களைப் படுத்தி எடுத்தது.

ஒப்புதல் சீக்கிரமே கிடைத்தது. பெயர் மாற்றுவதும் ஒரு நிமிட வேலை. "பழைய முகவரி தானாகப் புதியதுக்குத் திரும்பிவிடும், கவலை வேண்டாம்" என்றார் நிர்வாகி. அது பாதிதான் உண்மை. இஷ்யூ, குளோன், புஷ் எல்லாம் திரும்பும். கிட்ஹப் பேஜஸில் இருக்கும் ஆவணத் தளம் திரும்பாது. எங்கள் இணைப்புகள் எல்லாம் 404 ஆயின. ரெப்போவில் ஆக்‌ஷன் (மற்றவர்கள் தங்கள் தானியங்கி வேலைகளில் அழைக்கும் நிரல்) வைத்திருந்தால் அதுவும் திரும்பாது. பழைய பெயரில் அதை அழைப்பவர்களின் பில்டு உடையும்.

கோ மாட்யூல், அதாவது கோ மொழியில் வெளியிடும் தொகுப்பு, இன்னும் பிடிவாதம். பழைய டேக்குகளின் (பதிப்புக் குறிகளின்) கோ.மாட் கோப்பில் மாட்யூலின் பெயராகப் பழைய பாதைதான் இருக்கும். புதிய பாதையில் அவற்றைக் கேட்டால், மாட்யூல் தன் பெயரை வேறாகச் சொல்கிறது என்று கோ மறுத்துவிடும். பாதையை மாற்றிப் புது டேக் போட்ட பிறகுதான் புதிய பெயரில் எடுக்க முடிந்தது.

பெரிய அடி அதற்குப் பிறகு. வேறொரு குழு எங்கள் பழைய பெயரிலேயே ஒரு காலி ரெப்போவைத் திறந்துவிட்டது. அந்த நொடியே ரீடைரெக்ட், அதாவது பழைய முகவரி புதியதுக்குத் திரும்புவது, செத்தது. எங்கள் ரெப்போவைத் தங்கள் ரெப்போவுக்குள் சப்மாட்யூலாக வைத்திருந்தவர்களுக்குப் பழைய கமிட் கிடைக்கவில்லை. கோ ப்ராக்ஸி என்ற இடைச் சர்வர் வழியாக எடுத்தவர்கள் அங்கே சேமித்திருந்த பிரதியால் தப்பினார்கள். நேரடியாக எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புகாரெல்லாம் எங்களுக்குத்தான் வந்தது. நிர்வாகியிடம் கேட்டால், "விதியில் அதற்குத் தடை இல்லையே" என்றார். பயனர்களின் பில்டு நின்று கிடக்கும்போது சொல்கிற பதிலா அது?

அந்தக் குழுவிடம் நேரில் பேசியதும் ரெப்போவை உடனே நீக்கிவிட்டார்கள், அவர்களுக்கு நன்றி. அதன்பின் எங்கள் ரெப்போவைப் பழைய பெயருக்கே மாற்றி, மறுபடி புதிய பெயரைக் கொடுத்தோம். ரீடைரெக்ட் உயிர்பெற்றது. சப்மாட்யூல் இழுபட்டதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

மாற்றுவதற்கு முன் பழைய பெயரைத் திட்டத்தின் எல்லா ரெப்போக்களிலும் தேடிவிடுங்கள். பில்டைத் தானாக ஓட்டும் சிஐ கோப்புகளையும் ரீட்மியையும் விடாதீர்கள். கோ என்றால் முதல் டேக்குக்கு முன்பே பெயரை முடிவு செய்யுங்கள். முடிந்தால் குபர்நெட்டிஸ் திட்டம் செய்வதுபோலச் சொந்த டொமைனில் பாதை வையுங்கள்: 'கே8எஸ்.ஐஓ/கிளையன்ட்-கோ' என்று இம்போர்ட் செய்பவருக்கு ரெப்போ எங்கே இருந்தால் என்ன? ஓப்பன்ஸ்டாக் திட்டத்தில், கோடைப் பரிசீலிக்கும் கெரிட் சர்வரையே நிறுத்தித்தான் பெயர் மாற்ற வேண்டும் என்பதால், கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக மாற்றுவார்கள். முன்பு அது மெத்தனமாகத் தெரிந்தது. இப்போது அந்த நிதானம் எங்களுக்கும் வேண்டும் என்று தோன்றுகிறது.

கைவிட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை விதியோடு சேர்க்கச் சொல்லி நான் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) போன வாரம் மெர்ஜ் ஆனது. இனி அந்தப் பெயர்களில் யாரும் புது ரெப்போ திறக்க முடியாது.