என் கடையில் விற்க முடியாத மாத்திரை

திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. டி.பார்ம் முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவன், இன்றுவரை இங்கேதான் இருக்கிறேன். ஆனால் என் மகன் சாப்பிடும் மாத்திரை என் கடையில் கிடையாது. அதை வாங்க மதுரைக்குப் போக வேண்டும்.

மெத்தில்பெனிடேட் என்பது அதன் பெயர். ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புப் பிரச்சினைக்குக் கொடுப்பது. சட்டப்படி ஷெட்யூல் எக்ஸ் மருந்து. விற்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், டாக்டர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். அதில் ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கேட்டு வருபவர்கள் சொற்பம் என்பதால் என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் அந்த லைசென்ஸ் எடுப்பதில்லை. இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். இருக்க வேண்டியதுதான். "சேட்டைக்குப் போய் மாத்திரையா?" என்று என்னிடம் சண்டை போடும் சொந்தக்காரர்களுக்கு, இந்த மாத்திரைக்கு எத்தனை பூட்டு இருக்கிறது என்று தெரியாது. பிள்ளைகளை அடக்க எங்கள் ஊரில் நிஜமாகவே கொடுக்கப்படும் மருந்துகளுக்கு இப்படிப் பூட்டு எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மகனைப் பற்றி. இப்போது ஐந்தாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் அவன் டைரியைத் திறந்தால் சிவப்பு மைதான். இடத்தில் உட்காரவில்லை, நோட்டு முடிக்கவில்லை, பக்கத்துப் பையனைத் தொந்தரவு செய்தான். வீட்டில், "தண்ணி கொண்டு வாப்பா" என்று சொன்னால் உடனே எழுந்து ஓடுவான். சமையலறையில் ஏதோ ஒரு டப்பா மூடி கண்ணில் படும். அதைத் தரையில் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவான். தண்ணீர் வராது. போய்க் கேட்டால் திகைத்துப் போய் நிற்பான். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதை அடம் என்று சொல்லமாட்டார்கள். ஒருநாள் சைக்கிளோடு பழனி ரோட்டில் பஸ் வருவதைக்கூடப் பார்க்காமல் குறுக்கே போய்விட்டான். டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தான்.

அப்பாவுக்கு இதற்கெல்லாம் ஒரே பதில்தான். "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்." மைத்துனர் ஹாஸ்டலில் சேர்க்கச் சொன்னார். "நாலே மாசம் மச்சான், அப்படியே நிமித்திருவாங்க" என்றார். பள்ளியிலோ நேர் எதிர். "உட்கார வைக்க ஏதாவது மாத்திரை வாங்கிக் குடுங்க சார், இல்லைன்னா டிசி வாங்கிக்கோங்க" என்றார்கள். ஒரு பக்கம் அடி, இன்னொரு பக்கம் மாத்திரை. பையனுக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ள மட்டும் இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. பையன் சத்தமில்லாமல் இருந்தால் போதும், அவ்வளவுதான்.

மதுரையில் நாங்கள் பார்த்த மனநல மருத்துவர் முதல் நாள் மாத்திரை எதுவும் எழுதவில்லை. எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு ஆசிரியைக்கு ஒரு படிவம். காது கேட்கிறதா, பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், குறட்டை விடுகிறானா, திடீரென்று சில நொடி வெறித்துப் பார்த்து நிற்கிறானா என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி வலிப்பு நோயில் ஒரு வகைக்காக. அது வந்த பிள்ளையும் வகுப்பில் கவனிக்காத பிள்ளை மாதிரியேதான் தெரியும். வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏடிஹெச்டி என்று சொல்லலாம் என்றார். இதையெல்லாம் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதும் இடமும் உண்டு. சீட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் எங்களுக்குப் பயிற்சி. ஆமாம், பையனுக்கு முன்பாக எனக்கும் மனைவிக்கும். அங்கிருந்த உளவியலாளர் சொல்லித் தந்தவை கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். அடுத்த அறையிலிருந்து கத்தக் கூடாது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, அவன் முகம் பார்த்த பிறகு ஒரு வேலையை மட்டும் சொல்ல வேண்டும். செய்தால் அந்த நிமிடமே பாராட்ட வேண்டும், அதுவும் "நல்ல பையன்" என்று மொட்டையாகச் சொல்லாமல் "சொன்னதும் பையை எடுத்து வச்சிட்டியே" என்று செய்த வேலையைச் சொல்லி. தப்பு செய்தால் தண்டனை உண்டு. சின்னதாக, உடனே, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. சாயங்காலம் அப்பா வந்து பார்த்துக்கொள்வார் என்பது இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. காலையில் செய்ததற்கும் இரவில் விழும் அடிக்கும் அவர்களால் முடிச்சுப் போட முடியாது. அடி விழுந்தது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

மனைவி ஒரு சட்டைப் பெட்டியின் அட்டையை வெட்டி, பல், குளியல், யூனிபார்ம், சாப்பாடு, பை, தண்ணீர் பாட்டில் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துணி கிளிப் மாட்டினாள். முடித்ததும் கிளிப்பை வலது பக்கம் மாற்ற வேண்டும். ஆறும் வலது பக்கம் வந்தால் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவளோடு ஒரு ஆட்டம் கேரம். இதைவிடக் கண்டிப்பான ஒழுங்கை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அடிக்காமல் வளர்ப்பது செல்லம் கொடுப்பது என்று நினைப்பவர்கள் ஒரு காலைப்பொழுது எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது, பதினேழாம் பிரிவு. வீட்டுக்குச் சட்டம் வரவில்லை என்பதால் வீட்டில் அடித்தால் வலிக்காது என்று ஆகிவிடாது.

இதில் வீட்டில் நிலைமை மாறியது. பள்ளியில் பெரிதாக மாறவில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டர் மாத்திரையைப் பற்றிப் பேசினார்.

இந்த மருந்துகளின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் ஒரு குழந்தைகள் காப்பகத்தை நடத்திவந்தார். மூளையைப் படம் எடுப்பதற்காக அந்தக் காலத்தில் முதுகுத்தண்டிலிருந்து நீரை எடுப்பார்கள். அதனால் பிள்ளைகளுக்குத் தலைவலி வரும். அதைத் தணிக்கலாமே என்று பென்சிட்ரின் என்ற மூளையைத் தூண்டும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் திடீரென்று பாடத்தில் கவனம் செலுத்த ஆரம்பித்தார்கள். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே வகையைச் சேர்ந்த மெத்தில்பெனிடேட் வந்தது 1944-இல். சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் வேதியியலாளர் பனிசோன் தயாரித்தது. அவருடைய மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்துதான் ரிட்டாலின் என்ற விற்பனைப் பெயர். ஆக, இந்த வகை மருந்து ஏதோ நேற்று முளைத்த வியாபாரம் இல்லை. குழந்தைகள் மனநல மருத்துவத்தில் இவ்வளவு காலம் பார்த்துப் பழகிய மருந்துகள் குறைவு.

அடியா மாத்திரையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வைத்தான். எம்டிஏ என்பார்கள். ஏழிலிருந்து ஒன்பது வயது வரை 579 பிள்ளைகள், 14 மாதம். ஒரு குழுவுக்குக் கவனமாக அளவு பார்த்து மருந்து, ஒரு குழுவுக்குப் பெற்றோர் பயிற்சியும் பள்ளிப் பயிற்சியும், ஒரு குழுவுக்கு இரண்டும், மிச்சமுள்ளவர்களுக்கு ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம். கவனக்குறைவும் துறுதுறுப்பும் நன்றாகக் குறைந்தது மருந்து இருந்த குழுக்களில்தான். இரண்டும் சேர்ந்த குழுவில் அதைக் குறைந்த அளவு மருந்திலேயே எட்ட முடிந்தது. என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. ஊரில் வழக்கமாக வைத்தியம் பார்த்த குழுவிலும் நிறையப் பிள்ளைகள் இதே மருந்தைத்தான் சாப்பிட்டார்கள், ஆனால் அந்த அளவு பலன் இல்லை. அளவு குறைவு, வேளைகளும் குறைவு, டாக்டர் பார்த்த நேரமும் குறைவு. ஒரே மருந்துதான். பக்கத்திலிருந்து பார்க்க ஆள் இருந்தால் ஒரு மாதிரி வேலை செய்கிறது, ஆள் இல்லாவிட்டால் வேறு மாதிரி.

மூன்றாம் வருடம் பார்த்தபோது குழுக்களுக்குள் வித்தியாசம் மறைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடர்ந்து மருந்து சாப்பிட்ட பிள்ளைகளின் வளர்த்தி, சாப்பிடாதவர்களைவிட ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அதனால்தான் எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்காமல் டாக்டர் அடுத்த சீட்டு எழுதுவதில்லை. மதியச் சாப்பாடு பாதி திரும்பி வரும், மருந்து பசியை அடக்கிவிடுகிறது. சாயங்காலம் மருந்து இறங்கும்போது கொஞ்சம் எரிச்சல் வரும். பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் "அம்மா, தோசை" என்பான். மனைவி அதற்காகவே மாவை எடுத்து வைத்திருப்பாள்.

பலன்? அவன் மந்தமாகிவிடவில்லை. முன்பு மாதிரியேதான் பேசுகிறான், சிரிக்கிறான், தங்கையோடு சண்டை போடுகிறான். வகுத்தல் கணக்கை நடுவில் விடாமல் கடைசி வரி வரை போடுகிறான். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு ஓடுகிறான். மாத்திரையால் கணக்கு வந்துவிடாது, சொல்லித் தரும்போது காதில் ஏறுகிறது. அவ்வளவுதான், அது போதும்.

இனி கடைக்கு வருகிறேன். லீவு தொடங்கினால் ராத்திரி பஸ்ஸுக்கு முன்னால் வருவார்கள். "அண்ணே, சின்னவன் பஸ்ல ஒரே ஆட்டம், தூங்குற மாதிரி சிரப் ஏதாச்சும் குடுங்க." தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்தான புரோமெதசின் பாட்டிலின் பெயரையே சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளை இடுப்பில் இருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சையே நிறுத்திவிடக் கூடும் என்று சொன்னால், "எங்க அக்கா குடுத்தாங்களே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். இதே வீட்டில் யாராவது மனநல மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டால், "பிள்ளைக்குப் பைத்தியக்கார மாத்திரையா?" என்று பொங்குவார்கள்.

இன்னொருவர் ஒரு தாத்தா. பேரனுக்கு ரிஸ்பெரிடோன் வாங்க வருவார். மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன சீட்டு. எழுதிய டாக்டரைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடுமையான ஆவேசத்துக்கு அந்த மருந்து பயன்படும், தேவைப்படும் இடமும் உண்டு. ஆனால் எடை கூடும், சர்க்கரை ஏறலாம், ஆண் பிள்ளைக்கு மார்பு பெரிதாகலாம், அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பேரனை ஒருநாள் கூட்டிவந்தார். மூச்சு வாங்க நடந்துவந்தான். "சும்மா இருக்கான் தம்பி, அது போதும் எங்களுக்கு" என்றார் பெரியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகனும் மருமகளும் திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறார்கள், இவர் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். ஆனால் புதுச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திடீரென்று நிறுத்தவும் கூடாதே என்று, கையில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அது தீர்வதற்குள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, எந்தப் பிரிவில் யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு கடைக்குப் போயிருப்பாரோ என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் புதுச் சீட்டோடு வந்தார். சர்க்கரைப் பரிசோதனையும் எழுதியிருந்தார்கள்.

"அமெரிக்காவில் பிள்ளைகளுக்கெல்லாம் மாத்திரை கொடுத்துக் கெடுத்துவிட்டான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அங்கே அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. பத்தில் ஒரு பிள்ளைக்கு மேல் ஏடிஹெச்டி என்று சொல்லப்பட்டிருக்கிறது, அவர்களில் பாதிப் பேர் மருந்து சாப்பிடுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் பெற்றோர் பயிற்சிதான் என்று அங்கே குழந்தை மருத்துவர்களே வலியுறுத்துகிறார்கள். நம் ஊர்ப் பிரச்சினை அது இல்லை. இங்கே லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, அதில் குழந்தைகளுக்கென்று படித்தவர்கள் இன்னும் குறைவு. அந்த ஓட்டையைத்தான் பிரம்பும் சிரப்பும் பழைய சீட்டும் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

வழி தெரியாதவர்களுக்கு: மாவட்டத்தில் அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும். ஆர்பிஎஸ்கே என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பதினெட்டு வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். போகும்போது பள்ளி டைரியைக் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரை எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த அறிகுறிக்கு இது, எப்போது திரும்ப வந்து காட்ட வேண்டும், எப்போது நிறுத்திப் பார்ப்போம். மாத்திரையோடு எங்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். கேட்டால் கோபப்படும் டாக்டர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் மகனுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். அட்டையும் கிளிப்பும் அப்படியே தொடரும். பள்ளி திறந்ததும் புது வகுப்பு ஆசிரியையிடம் படிவம் கொடுத்து, அவர் நிரப்பித் தருவதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டுமா என்று முடிவு செய்வோம்.