பெயிண்ட் அப்புறம்

சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்பை விரலால் அழுத்திய மெக்கானிக் அண்ணன், "தம்பி, பிஞ்சு வருது பாருங்க" என்றார்.

காரைக்குடி வீட்டில் ஐயா விட்டுப்போன மோரிஸ் மைனர் கார். முன் சக்கரங்களுக்கு இரண்டிரண்டு, பின் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, மொத்தம் 6 சிலிண்டர். ஒன்று கசிந்தாலும் ஆறையும் பார்த்துவிடுவதே நல்லது. பெடலை மிதித்தால் ஆறுக்கும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோ ஓட்டுபவர் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எவன் யோசனையோ!

பிரேக் ஷூவுக்கு லைனிங், அதாவது உராயும் பட்டை, இங்கேயே போட்டுவிடலாம். தேய்ந்த சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாய் போட மதுரை. ரப்பர் கிட் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். பொருளை விடக் கூரியரும் சுங்கவரியும்தான் கடிக்கிறது.

பெயிண்டுக்கு வைத்திருந்த பணம் மொத்தமும் பிரேக்குக்கே போகிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டுமாம், சித்தப்பாவுக்கு வருத்தம்.

நிறம் மங்கியிருந்தால் மாப்பிள்ளை ஏறமாட்டாரா என்ன?